ஜூன் 30-க்குள் என்ன நடந்தது? கால்பந்து கிளப்பின் கணக்கைப் படிக்கும் முறை

ஒரு கால்பந்து கிளப் ஆண்டுக் கணக்கை வெளியிட்ட மறுநாள் செய்தியில் ஒரே ஒரு எண்தான் வரும்: இவ்வளவு லாபம், அல்லது இவ்வளவு நட்டம். முழு அறிக்கையிலும் எளிதாக வளைக்கக்கூடிய எண் அதுவே. அந்த எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்க்க விரும்புகிற புதியவர்களுக்காக இந்த வழிகாட்டி. இங்கிலாந்து கிளப்புகளை எடுத்துக்கொள்கிறோம். அங்கே கணக்குகள் காசில்லாமல் கிடைக்கின்றன, விதிமீறல் வழக்குகளின் தீர்ப்புகளும் காரணங்களோடு வெளியாகின்றன. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

லாபத்தைச் சரிக்கட்டுவது வேறு, மோசடி வேறு. கணக்கியல் விதி அனுமதிக்கும் எல்லைக்குள் நின்று, வேண்டிய எண் வரும்படி பேரங்களின் நேரத்தையும் மதிப்பீடுகளையும் அமைத்துக்கொள்வது முதலாவது. சாதாரண நிறுவனம் பங்கு விலைக்காகவோ வரிக்காகவோ இதைச் செய்யும். கால்பந்து கிளப் புள்ளிகளுக்காகச் செய்கிறது. 2025-26 பருவம் வரைக்குமான பிரீமியர் லீக்கின் பி.எஸ்.ஆர். என்ற நட்ட வரம்பு விதிப்படி, உரிமையாளர் பணம் போட்டு ஈடுகட்டினால் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்ட் வரை நட்டம் காட்டலாம், ஆண்டுக்கு 3.5 கோடி. அதற்கு அடுத்த அடுக்கான சாம்பியன்ஷிப்பில் அந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 1.3 கோடி. தாண்டினால் புள்ளி பறிபோகும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளப்புகள் இல்லாத பணத்தைக் காட்டுவது அரிது. வருங்கால வரவை இந்த ஆண்டுக்கு இழுப்பார்கள், இந்த ஆண்டுச் செலவை வருங்காலத்துக்குத் தள்ளுவார்கள். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: இது எந்த ஆண்டுக்கு உரியது, எந்த ஆண்டில் எழுதப்பட்டிருக்கிறது?

படி 1: சரியான நிறுவனத்தின் கணக்கை எடுங்கள்

பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் கிளப்பின் சட்டப் பெயரைத் தேடுங்கள். ரசிகர்கள் சொல்லும் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கலாம். எவர்டனின் பதிவுப் பெயர் எவர்டன் ஃபுட்பால் கிளப் கம்பெனி லிமிடெட். தாக்கல் வரலாற்றுப் பகுதியில் முழுக் கணக்கு பி.டி.எஃப். ஆக இருக்கும். தனியார் நிறுவனத்துக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாத அவகாசம் உண்டு. அதனால் ஜூன் 30-இல் முடியும் கணக்கு அடுத்த மார்ச் கடைசியில்தான் பல சமயம் வருகிறது.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனம், அதற்கு மேலே இன்னொன்று என்று அடுக்கு இருக்கும். கணக்கின் கடைசிக் குறிப்புகளில் "இறுதித் தாய் நிறுவனம்" எது என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, அது பிரிட்டனில் பதிவானதாக இருந்தால் அதன் தொகுப்புக் கணக்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் அண்ணன் தம்பிக்கு விற்றதில் வந்த லாபம், குடும்பக் கணக்கை மொத்தமாக எழுதும்போது காணாமல் போய்விடும். குழுமத்துக்குள் நடக்கும் விற்பனையும் அப்படியே. கிளப் கணக்கில் லாபமும் தாய் நிறுவனக் கணக்கில் பெரிய நட்டமும் தெரிந்தால், நடுவில் ஏதோ கைமாறியிருக்கிறது.

படி 2: காலக்கெடுவைப் பாருங்கள்

முதல் பக்கத்தில் கணக்கு முடியும் தேதி இருக்கும். மே 31-ஆ ஜூன் 30-ஆ? 12 மாதமா, 13 அல்லது 14 மாதமா? கூடுதலாக ஒரு மாதம் சேர்த்தால் அந்த மாதத்தில் விற்ற ஆட்டக்காரரும் கணக்கில் ஏறிவிடுவார். கோவிட் காலத்தில் இதே தேதி வேறுவிதமாக வேலை செய்தது. 2019-20 பருவம் நிறுத்தப்பட்டு 2020 ஜூன் 17-இல் தொடர்ந்து ஜூலை 26-இல் முடிந்தது. மே 31-இல் கணக்கு முடிக்கும் கிளப்புக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டங்களின் ஒளிபரப்பு வரவு முழுக்க அடுத்த ஆண்டில் விழுந்தது. ஜூன் 30 கிளப்புக்கு ஒரு பகுதி மட்டும் நகர்ந்தது. அந்த இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே வைத்து இரு கிளப்புகளை ஒப்பிட்டால் முடிவு தப்பாகவே வரும். சராசரி எடுங்கள், பி.எஸ்.ஆர். விதியும் அவ்விரு ஆண்டுகளைச் சராசரியாகத்தான் எடுத்தது.

படி 3: ஆட்டக்காரர் பதிவு உரிமை அட்டவணை

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். குறிப்புகளில் "அருவச் சொத்துகள்" என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும்.

ஆட்டக்காரரை வாங்கக் கொடுத்த தொகை அன்றைக்கே செலவாக எழுதப்படுவதில்லை. அது சொத்தாக ஏறி, ஒப்பந்தக் காலம் முழுவதும் சமமாகக் கழிக்கப்படுகிறது. இந்தக் கழிவுக்கு அமார்டைசேஷன் என்று பெயர். 6 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் ஆண்டுக்கு 1.2 கோடி செலவு. மூன்று ஆண்டுக்குப் பின் ஏட்டில் மிச்சம் 2.4 கோடி. அப்போது அவரை 4 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிட 2 கோடி குறைவு. ஆனால் கணக்கில் 1.6 கோடி லாபம். இதில் தவறு ஏதும் இல்லை, முறையே அதுதான். ஆனால் இந்த முறைக்குள் நான்கு நெம்புகோல்கள் இருக்கின்றன.

ஒப்பந்த நீட்டிப்பு முதலாவது. அதே ஆட்டக்காரரை விற்காமல், மீதி இரண்டு ஆண்டோடு இன்னும் மூன்று ஆண்டு சேர்த்தால், மிச்சமுள்ள 2.4 கோடி ஐந்தாண்டுக்குப் பரவும். ஆண்டுச் செலவு 1.2 கோடியிலிருந்து 48 லட்சமாக இறங்கும். நல்ல ஆட்டக்காரருக்கு நீட்டிப்பது இயல்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு நிதியாண்டு முடியும் நேரத்தில் நீட்டிப்பு என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொடக்கத்திலேயே நீண்ட ஒப்பந்தம். 2023 ஜனவரியில் செல்சி என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்ட் என்று சொல்லப்பட்ட விலைக்கு எட்டரை ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. எட்டரையால் வகுத்தால் ஆண்டுக்கு 1.26 கோடி, ஐந்தால் வகுத்தால் 2.14 கோடி. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2023 கோடையிலிருந்து புதிய ஒப்பந்தங்களுக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தது, பிரீமியர் லீக்கும் அந்த டிசம்பரில் அதே வழிக்கு வந்தது. பழைய ஒப்பந்தங்களை அது தொடவில்லை. ஆகவே அந்தக் காலத்துக் கணக்குகளில் எந்த ஆட்டக்காரர் எந்தத் தேதியில் வந்தார் என்பது முக்கியம்.

மூன்றாவது, கழிக்கும் முறையையே மாற்றுவது. டெர்பி கவுண்டி சமமாகக் கழிக்காமல், ஒப்பந்த முடிவில் ஆட்டக்காரருக்கு இன்ன மதிப்பு மிஞ்சும் என்று தானே மதிப்பிட்டு, கழிவைப் பின்னுக்குத் தள்ளியது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் விலை ஏதும் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது 1995-இன் போஸ்மன் தீர்ப்பிலிருந்தே நடைமுறை. பிறகு என்ன மிஞ்சும்? பிரிட்டனின் எஃப்.ஆர்.எஸ். 102 என்ற கணக்கியல் தரத்துக்கு இது ஒத்துவராது என்று 2021-இல் நடுவர் குழு சொன்னது. திருத்தி எழுதியபின் டெர்பிக்கு 9 புள்ளி போனது. திவால் நிர்வாகத்துக்குப் போனதற்கு 12. மொத்தம் 21 புள்ளி இழந்து அந்தப் பருவத்தில் தரமிறங்கியது. "கணக்கியல் கொள்கைகள்" என்ற அலுப்பூட்டும் பக்கத்தை ஏன் தாண்டிப் போகக்கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். அங்கே "சமமாக, ஒப்பந்தக் காலத்துக்கு" என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்தி மறுபடி படியுங்கள்.

நான்காவது, மதிப்புக் குறைப்பு. ஓர் ஆட்டக்காரரின் ஏட்டு மதிப்பு ஒரேயடியாக வெட்டப்பட்டால் இந்த ஆண்டு நட்டம் கூடும், அடுத்த ஆண்டுகளின் செலவு குறையும். அணியை மொத்தமாக ஒரே அலகாக வைத்துத்தான் கிளப்புகள் மதிப்பைச் சோதிக்கின்றன. அணித் திட்டத்தில் இனி இவர் இல்லை என்று தெரிந்தால் மட்டும் தனியே வெட்டுவார்கள். அது எப்போது தெரிந்தது என்பது நிர்வாகத்தின் வாய்ச்சொல். புது உரிமையாளர் வந்த முதல் ஆண்டிலும் தரமிறங்கிய ஆண்டிலும் எல்லா வெட்டும் ஒன்றாக வந்தால் வியக்காதீர்கள்: எப்படியும் மோசமான ஆண்டு, இருப்பதையெல்லாம் இதிலேயே கொட்டிவிடலாம் என்ற கணக்கு.

படி 4: விற்பனை லாபத்தின் தேதியைத் தேடுங்கள்

லாப நட்டக் கணக்கில் "ஆட்டக்காரர் பதிவு விற்பனையில் லாபம்" என்று தனி வரி இருக்கும். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டு மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஆகவே அவரை விற்ற தொகை ஏறக்குறைய முழுதும் லாபம். ஊர்ப் பையன்களை ஜூன் மாதத்தில் விற்கத் துடிப்பதன் காரணம் இதுதான். ரசிகர்களுக்கு மிக வலிக்கும் விற்பனையைக் கணக்குதான் மிகவும் விரும்புகிறது. இந்த விதிகளின் ஆகக் கெட்ட பக்கவிளைவு அது.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். மூன்றில் இரண்டு ஆண்டு சாம்பியன்ஷிப்பில் இருந்ததால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடி (1.3 + 1.3 + 3.5). பிரெனன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்றது 2023 செப்டம்பர் 1-இல்; கணக்கு முடிந்ததோ ஜூன் 30-இல். கூடுதல் விலை கிடைக்கக் காத்திருந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. வரம்பை 3.45 கோடி தாண்டியதற்காக 4 புள்ளி போனது.

அடுத்து, மாற்றுப் பேரம். இரண்டு கிளப்புகள், ஆளுக்கு ஓர் இளம் ஆட்டக்காரர், ஏட்டு மதிப்பு தலா 10 லட்சம் என்று வையுங்கள். தலா 2 கோடி என்று விலை எழுதி மாற்றிக்கொண்டால் இரு கிளப்புக்கும் இந்த ஆண்டு 1.9 கோடி லாபம். கையில் காசு மாறவில்லை. ஆனால் புதிதாக வந்தவரின் 2 கோடி ஐந்தாண்டுக்குப் பரவி, ஆண்டுக்கு 40 லட்சம் செலவாக வந்துகொண்டே இருக்கும். 2024 ஜூன் கடைசியில் செல்சியிலிருந்து இயன் மாட்சன் ஆஸ்டன் வில்லாவுக்கும் வில்லாவிலிருந்து ஒமாரி கெல்லிமன் செல்சிக்கும் போனார்கள்; அதே நாட்களில் நியூகாசிலுக்கும் ஃபாரஸ்டுக்கும் இடையிலும் இருவழிப் பேரம் நடந்தது. விதி இவற்றைத் தடுக்கவில்லை. இத்தாலியில் இதன் பழைய பெயர் பிளஸ்வாலென்ட்சா. 2020 ஜூன் 29-இல், கணக்கு முடிய ஒரு நாள் இருக்க, யுவென்டஸ் பியானிச்சை 6 கோடி யூரோவுக்கு பார்சிலோனாவுக்குக் கொடுத்து, ஆர்தரை 7.2 கோடிக்கு வாங்கியது. பிறகு, தொடர்ச்சியான பல பேரங்களை வைத்து யுவென்டஸ் மீது நடந்த வழக்கில் 2023 ஜனவரியில் 15 புள்ளி பறிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் திரும்பி வந்து, மே மாதம் 10 புள்ளியாக நின்றது.

கணக்கில் இதைக் கண்டுபிடிக்க: விற்பனை லாப வரியையும் அருவச் சொத்து அட்டவணையின் "புதிதாகச் சேர்ந்தவை" வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் சேர்ந்து துள்ளி, ரொக்க ஓட்டத்தில் அதற்கேற்ற அசைவு இல்லையென்றால், மாற்றுப் பேரத்தின் தடம். "ஐந்தொகைத் தேதிக்குப் பிந்தைய நிகழ்வுகள்" குறிப்பையும் படியுங்கள். ஜூலையில் என்ன நடந்தது என்று அது சொல்லும்.

படி 5: ஆட்டத்துக்கு வெளியே விற்றவை

"இதர இயக்க வருமானம்", "சொத்து விற்பனை லாபம்", "அசாதாரண இனங்கள்" ஆகிய மூன்று இடங்களில் தேடுங்கள். டெர்பி 2018-இல் பிரைட் பார்க் அரங்கை 8.11 கோடி பவுண்டுக்குத் தன் உரிமையாளரின் நிறுவனத்துக்கே விற்றது. ஷெஃபீல்ட் வென்ஸ்டே ஹில்ஸ்பரோ அரங்கைச் சுமார் 6 கோடிக்கு உரிமையாளருக்கு விற்று, அந்த லாபத்தை 2017-18 கணக்கில் சேர்த்தது. அந்த ஆண்டுக்கு அது உரியதல்ல என்று தீர்ப்பு வந்தது. 12 புள்ளித் தண்டனை மேல்முறையீட்டில் 6 ஆனது. 2020-21 பருவத்தை வென்ஸ்டே 41 புள்ளியோடு முடித்துத் தரமிறங்கியது. 44 புள்ளி எடுத்த டெர்பி தப்பியது. பறிபோன 6 புள்ளி இருந்திருந்தால் 47. ஒரு லாபத்தை எந்த ஆண்டில் எழுதுவது என்ற கேள்வி ஒரு நகரத்தின் கிளப்பை மூன்றாம் அடுக்குக்கு அனுப்பியது.

சாம்பியன்ஷிப்பை நடத்தும் இ.எஃப்.எல். பின்னர் இந்த வழியை அடைத்தது. பிரீமியர் லீக்கில் 2024 ஜூனில் தடை முன்மொழிவுக்குப் போதிய ஓட்டு விழவில்லை. செல்சி 2022-23 கணக்கில் இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடிக்குச் சகோதர நிறுவனத்துக்கு விற்றது. அடுத்த ஆண்டு பெண்கள் அணியைத் தாய் நிறுவனத்துக்கு மாற்றி, சுமார் 20 கோடி லாபம் எழுதி, 2023-24 கணக்கில் வரிக்கு முன் 12.84 கோடி லாபம் காட்டியது. யூஃபா இத்தகைய லாபத்தை ஏற்பதில்லை. 2025 ஜூலையில் செல்சிக்கு உறுதியாக 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒரே கிளப், ஒரே ஆண்டு, இரண்டு விதிப்புத்தகங்கள், இரண்டு விடைகள். எந்த விதிக்காகப் பார்க்கிறீர்கள் என்று தாளின் மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தொடர்புடைய தரப்பினர் பரிவர்த்தனைக் குறிப்பைத் தேடிப் போனால், "முழு உரிமைத் துணை நிறுவனம் என்பதால் விலக்கு எடுத்துள்ளோம்" என்று ஒரே வரி இருக்கலாம். எஃப்.ஆர்.எஸ். 102 அதை அனுமதிக்கிறது. அப்போது கடனாளிகள் குறிப்பில் "குழும நிறுவனங்களிடமிருந்து வரவேண்டியது" என்ற தொகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். விற்றதாகச் சொன்ன பணம் வராமல் அங்கே நிலுவையாக உட்கார்ந்திருக்கக்கூடும்.

வருங்கால வரவை விற்பதும் இந்த வகைதான். பார்சிலோனா 2022-இல் தன் லா லீகா ஒளிபரப்பு உரிமையின் 25 சதவீதத்தை 25 ஆண்டுக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் நிறுவனத்துக்கு விற்று, அதை அருவச் சொத்து விற்பனை லாபமாக எழுதியது. அப்படி எழுதியது தவறு என்று யூஃபா 2023-இல் 5 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

படி 6: ரொக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள்

லாபத்தை நகர்த்தலாம், வங்கியில் உள்ள பணத்தை நகர்த்துவது கடினம். ரொக்க ஓட்ட அறிக்கையில் நான்கு எண் எடுங்கள்: இயக்கத்தில் வந்த ரொக்கம், ஆட்டக்காரர் வாங்கக் கொடுத்தது, விற்று வாங்கியது, உரிமையாளர் போட்டது. துணை நிறுவனம் என்ற விலக்கில் இந்த அறிக்கையே இல்லாமல் இருக்கலாம்; தாய் நிறுவனத் தொகுப்பில் கிடைக்கும்.

விலை பெரும்பாலும் தவணையில்தான் கொடுக்கப்படுகிறது. கடன் குறிப்பில் ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபர் பாக்கி, அதற்குப் பிந்தையது என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இன்னின்ன வெற்றி கிடைத்தால் தர வேண்டிய கூடுதல் தொகை ஐந்தொகையில் இல்லாமல், நிச்சயமற்ற பொறுப்புகள் குறிப்பில் மட்டும் இருக்கலாம். வரவேண்டிய தவணைகளை வங்கியிடம் அடகு வைத்து முன்கூட்டியே பணம் எடுப்பதும் உண்டு. கம்பெனீஸ் ஹவுஸில் "அடமானங்கள்" பகுதியைத் திறந்தால் அந்தப் பத்திரம் கிடைக்கும். தேதியைப் பாருங்கள், மாதச் சம்பளத்துக்கே கை கடிக்கிறதா என்று ஓரளவு புரியும்.

படி 7: நீங்களே ஒரு தாள் போடுங்கள்

ஐந்து ஆண்டு, பத்து வரி போதும்: மொத்த வருவாய், சம்பளம், அமார்டைசேஷன், மற்ற செலவு, ஆட்டக்காரர் விற்பனை லாபம், சொத்து விற்பனை லாபம், வட்டி, வரிக்கு முந்தைய லாபம், இயக்க ரொக்கம், உரிமையாளர் நிதி. இரண்டு விற்பனை லாபத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத் தனியாக எழுதுங்கள். கிளப்பின் உண்மையான உடல்நிலை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பி.எஸ்.ஆர். மதிப்பீட்டுக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் தொடங்கி, கட்டடம் போன்ற சொத்துகளின் தேய்மானம், அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி ஆகிய செலவுகளைத் திரும்பக் கூட்ட வேண்டும். தேய்மானம் மட்டும் கணக்கில் தெளிவாக இருக்கும். அகாடமிச் செலவைப் பல கிளப்புகள் தனியாகக் காட்டுவதில்லை. ஆகவே உங்கள் விடை ஒற்றை எண்ணாக இருக்கக்கூடாது, "இதிலிருந்து இதுவரை" என்று இருக்கட்டும். எவர்டன் வழக்கில் அரங்கம் தொடர்பான வட்டி விலக்கில் சேருமா என்பதே பெரிய வாதமாக இருந்தது; 12.45 கோடி நட்டம் என்று முடிவாகி 10 புள்ளி போய், மேல்முறையீட்டில் 6 ஆனது. உள்ளே இருப்பவர்களே அடித்துக்கொள்ளும் இடத்தில் வெளியே இருந்து துல்லியம் பேச வேண்டாம்.

2026-27 முதல் பிரீமியர் லீக் இந்த விதியை விட்டுவிட்டு, அணிச் செலவு வருவாயில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற முறைக்கு மாறுகிறது. யூஃபாவில் அது 70. அந்த விகிதத்தில் சம்பளம், அமார்டைசேஷன், முகவர் கட்டணம் மேலே. வருவாயும் ஆட்டக்காரர் விற்பனை லாபமும் கீழே. ஹோட்டலும் அரங்கமும் விற்று இதைச் சரிக்கட்ட முடியாது. ஆனால் ஒப்பந்த நீட்டிப்பும் மாற்றுப் பேரமும் இங்கேயும் செல்லும். படி 3, 4 இரண்டையும் மறக்காதீர்கள்.

இதே கண்ணோடு ஐ.பி.எல். கணக்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏலத்தில் கேட்ட தொகை ஆட்டக்காரரின் அந்தப் பருவச் சம்பளம்; வேறு அணிக்குக் கொடுத்த விலை அல்ல. அதனால் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் போன்ற நிறுவனத்தின் ஐந்தொகையில் கால்பந்து பாணி ஆட்டக்காரர் சொத்தைத் தேடாதீர்கள். அங்கே கவனிக்க வேண்டியது மார்ச் 31 என்ற தேதி. ஆட்டங்களில் பெரும்பாலானவை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால், நீங்கள் நினைக்கும் பருவத்தின் வரவு அடுத்த நிதியாண்டில் இருக்கும்.

கடைசியாக, புதுக் கணக்கு வந்ததும் வலது நெடுவரிசையில் அச்சாகியிருக்கும் போன ஆண்டு எண்களைப் போன ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் "திருத்தப்பட்டது" என்ற சொல்லும் காரணக் குறிப்பும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து உங்கள் தாளைத் திரும்பத் தொடங்குங்கள்.